பிச்சையா? பாக்கியா?

நமது நாட்டில் உழவனைப் புகழாதவர்கள் யாரும் கிடையாது. மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் "உழவன் சேற்றில் கால் வைக்காவிட்டால் நாம் சோற்றில் கை வைக்க முடியாது" என்று சொல்லாமல் இறங்குவதில்லை. பொங்கல் வந்துவிட்டால் பத்திரிகைகளிலெல்லாம் ஏரும் கையுமாக அவன் படந்தான். ஆனால், இப்படிப் புகழப்படுகிற அந்த உழவன் எழுபது வயதாகி, மண்வெட்டி பிடிக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டானானால், அவன் காலையில் குடிக்கிற ஒரு டம்ளர் டீக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? உழுத மாடு கிழடானால் சந்தைக்குப் போகிறது. உழுத மனிதன் கிழடானால் திண்ணைக்குப் போகிறான். மாட்டுக்காவது சந்தையில் ஒரு விலை உண்டு.

சில வருஷங்களாக இந்தக் கிழட்டு உழவன் கையில் சர்க்கார் நேராகக் கொஞ்சம் பணம் கொடுத்து வருகிறது. உடனே, படித்தவர்கள் என்பவர்களில் ஒரு கூட்டத்தார் "இலவசம், இலவசம், நாடு குட்டிச்சுவராகிறது" என்று கூச்சல் போட ஆரம்பித்துவிட்டார்கள். 2022-ஆம் வருஷத்தில் இந்த 'இலவச' வாதம் உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. ஆகவே இந்தப் பணம் உழவனுக்குப் போடுகிற பிச்சையா, அல்லது அவனுக்குச் சேரவேண்டிய பாக்கியா என்பதைக் குறித்து நமது அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நலமென்று கருதுகின்றோம். அது பாக்கிதான் என்பதும், அந்தப் பாக்கியும் குறைவாகவும் சில இடங்களில் விலாசம் தவறியும் பட்டுவாடா ஆகிறது என்பதுமே நமது அபிப்பிராயமாகும்.

திண்ணைக் கிழவர்

விழுப்புரத்திலிருந்து முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் போகிற சாலையை வாசகர்களில் பலர் அறிவார்கள். சாலைக்கு இரண்டு பக்கத்திலும் ஏரிப் பாசன நஞ்சை. அதைத் தாண்டினால் மேட்டுக் கொல்லை. நஞ்சையில் நெல்லும் கரும்பும். கொல்லையில் மல்லாட்டை, உளுந்து, சவுக்கு. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கின்றது. அங்கே உண்டாக்கிய மல்லாட்டை ரகங்கள் டி.எம்.வி. என்று அந்த ஊர்ப் பெயரோடேயே வெளியூர்களுக்கெல்லாம் போயிருக்கின்றன. மல்லாட்டைக்கு வந்த அந்தக் கீர்த்தியில் ஒரு காசளவாவது அதை விளைத்த கிழவனுக்கு வந்ததா என்றால் இல்லை.

அந்தச் சாலையிலிருந்து உள்ளே போகிற ஏதாவது ஒரு கிராமத்தில் ஒரு கிழவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் எதுவாக இருந்தாலும் சரி. அவரைப் போன்றவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். வயது எழுபதுக்கு மேல். ஒன்றரை ஏக்கர் கொல்லை அவர் பேரில் பட்டா. ஒரு பிள்ளை சென்னையில் கட்டட வேலை. இன்னொரு பிள்ளை உள்ளூரில், அவனுக்கு இரண்டு குழந்தைகள். நியாயவிலைக் கடையில் அரிசி வருகிறது. 2011 ஜூன் முதல் அதற்குக் காசு வேண்டியதில்லை. ஆகவே கிழவர் பட்டினி கிடக்கவில்லை. நாம் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் அரிசியைக் கொடுத்து முண்டியம்பாக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் சீட்டு வாங்க முடியுமா? அரிசியைக் கொடுத்து மூக்குக் கண்ணாடி மாற்ற முடியுமா? 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவர் மனைவிக்குச் சீட்டு வேண்டாம், அவருக்கு வேண்டும். அந்தச் சீட்டுக் காசுக்கு அவர் பிள்ளையிடம் கை நீட்ட வேண்டும். பிள்ளையோ, தானும் கூலிக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவன். "முந்தாநாள்தானே குடுத்தேன், அதுக்குள்ள என்னாப்பா?" என்பான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து கிழவர் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு திண்ணையிலேயே கிடப்பார்.

ஐம்பது வருஷம் ஊருக்குச் சோறு போட்டவன் ஒரு பஸ் சீட்டுக்குப் பயப்படுகிறான் என்றால், இதைவிட ஒரு மனிதனுடைய மானத்துக்குக் கேடு வேறென்ன வேண்டும்?

இரண்டாயிரம் செய்கிற வேலை

மத்திய சர்க்கார் 2019 பிப்ரவரியில் ஆரம்பித்த பி.எம். கிசான் திட்டப்படி, பட்டாவுள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 ரூபாயாக, பாங்கிக் கணக்கில் நேராக வந்து விழுகிறது. தமிழ்நாட்டு முதியோர் உதவித் தொகையோ இதைவிட மிகப் பழையது. அது 1962 ஏப்ரல் முதல் தேதி, மாதம் 20 ரூபாயாக ஆரம்பமாயிற்று. 2011-இல் 1,000 ரூபாயாயிற்று. 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாயிற்று.

இந்தப் பணம் கிழவர் கையில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

முதலாவது, வட்டியைத் தடுக்கிறது. விதைப்பு நேரத்தில் விதை மல்லாட்டைக்கு 2,000 ரூபாய் குறைந்தால், அதை ஐந்து வட்டிக்கு வாங்க வேண்டும். ஐந்து வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு ஐந்து. நான்கு மாதத்தில் அறுவடை என்றால் 400 ரூபாய் வட்டியாகப் போயிற்று. ஆகவே சமயத்தில் வந்த 2,000 ரூபாய் உண்மையில் 2,400 ரூபாயாகும். அதுமாத்திரமல்ல, கடன் கொடுத்தவனே பெரும்பாலும் மல்லாட்டை வாங்குகிற வியாபாரியாகவும் இருப்பான். அவன் களத்திலேயே வந்து தான் சொன்ன விலைக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு போவான். கடன் இல்லாத கிழவரோ, "நான் கமிட்டிக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று சொல்லலாம். 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிற யோக்கியதை ஏழைக்கு வருவதுதான் விடுதலையின் முதல் படி என்பது நமது அபிப்பிராயம்.

இரண்டாவது, வைத்தியம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவரப்பட்டது. அது மிக நல்ல காரியம். ஆனால் கண்புரைக்கும் முழங்காலுக்கும் மனிதன் ஆஸ்பத்திரியைத் தேடித்தான் போக வேண்டும். போவதற்குக் காசு வேண்டும். கூட வருகிறவனுக்கு ஒரு நாள் கூலி போகும், அதற்கும் காசு வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமாக நாம் கருதுவது, வீட்டில் அவர் இடம். பணம் வந்த அன்று கிழவர் பேரப்பிள்ளைக்கு ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கி வருகிறார். மருமகளிடம் நூறு ரூபாய் கொடுத்து, "வெச்சிக்க ஆயா, புள்ளைக்கி நோட்டுப் புத்தகம் வாங்கு" என்கிறார். "உங்களுக்கு மாத்திரை வேணும்னீங்களே மாமா?" என்று மருமகள் கேட்கிறாள். நேற்றுவரை அந்த வீட்டில் 'கிழவர் என்ன கேட்பாரோ' என்ற பேச்சு. இன்று 'கிழவருக்கு என்ன வேண்டும்' என்ற பேச்சு. மருமகள் கெட்டவளாக இருந்து இன்று நல்லவளாக மாறிவிடவில்லை. இல்லாமை இருந்த இடத்தில் கொஞ்சம் காசு வந்தது, அவ்வளவுதான். வீட்டில் அன்பு இல்லை, மரியாதை இல்லை என்று பிரசங்கம் செய்கிறவர்கள், அதில் பாதி வெறும் காசு இல்லாத சங்கதி என்பதை உணர வேண்டும்.

இது நம் ஊரில் மாத்திரம் காண்பதல்ல. தென்னாப்பிரிக்காவில் கறுப்பு மக்களின் கிழவர் கிழவிகளுக்கு வெள்ளையருக்குச் சமமாக 1990-களின் ஆரம்பத்தில் பென்ஷன் உயர்த்தப்பட்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்ளோ என்னும் அம்மையார் அதை ஆராய்ந்து, பாட்டி பென்ஷன் வாங்குகிற வீட்டில் பேத்திகளின் உடல் வளர்ச்சியே மேம்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார். கிழவி கையில் கொடுத்த பணம் பேத்தி உடம்பில் போய்ச் சேர்ந்தது. இதை 'வீண் செலவு' என்று சொல்லுகிறவனுக்கு நாம் என்ன பேர் வைப்பது?

ஆக்ஷேபணைகளுக்குச் சமாதானம்

இனி இதற்கு விரோதமாகச் சொல்லப்படுகிற ஆக்ஷேபணைகளைக் கவனிப்போம்.

"சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவான்" என்கிறார்கள். எழுபது வயதுக் கிழவன் சோம்பேறியாகி எந்த மலை கவிழ்ந்துவிடப் போகிறது? பதினைந்து வயதிலிருந்து உழைத்தவன் எழுபதில் உட்காரக் கூடாதா? சர்க்கார் உத்தியோகஸ்தன் அறுபது வயதில் உட்காருகிறான்; அவனுக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது; சட்டசபை மெம்பராக இருந்தவருக்கும் பென்ஷன் வருகிறது. அவர்களெல்லாம் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று யாராவது அழுகிறார்களா? உத்தியோகஸ்தன் வாங்கினால் பென்ஷன். உழவன் வாங்கினால் இலவசம். வேலை பார்த்ததில் என்ன வித்தியாசம்? ஒருவன் நாற்காலியில் இருந்து பார்த்தான். ஒருவன் சேற்றில் நின்று பார்த்தான்.

"குடித்துத் தீர்த்துவிடுவான்" என்கிறார்கள். உலக பாங்கியைச் சேர்ந்த இரண்டு பொருளாதாரக்காரர்கள், பல தேசங்களில் ஏழைகளுக்கு ரொக்கம் கொடுத்ததைப் பற்றிய 19 ஆராய்ச்சிகளை 2014-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். குடியிலும் புகையிலையிலும் செலவு பொதுவாக அதிகமானதாகக் காணவில்லை. நம் ஊரில் குடிக்கிற கிழவன் ஒருவனுமே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால், 2003 முதல் சாராயக் கடையைச் சர்க்காரே சில்லறையாக நடத்த ஆரம்பித்தபோது வாய் திறக்காதவர்கள், கிழவன் கையில் 2,000 ரூபாயைக் கண்டவுடன் குடியைப் பற்றிப் பேசுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

"நாட்டின் கஜானா தாங்காது" என்கிறார்கள். இதற்கு ஒரே ஒரு கணக்கைக் காட்டினால் போதும். 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் பெரிய கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. இதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே சொல்லிற்று. நாடு முழுவதிலுமுள்ள விவசாயிகளுக்கு பி.எம். கிசானுக்காக 2024–25-இல் ஒதுக்கப்பட்டதோ 60 ஆயிரம் கோடி. கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததற்குப் பெயர் 'ஊக்கம்'. கிழவனுக்குக் கொடுத்ததற்குப் பெயர் 'இலவசம்'. அந்தக் கிழவனும் வரி கட்டாதவனல்ல. அவன் வாங்குகிற சோப்பிலும் செருப்பிலும் வரி இருக்கிறது. வாழ்நாள் முழுதும் கட்டியவனுக்கு, வயோதிகத்தில் அதில் ஒரு துளி திரும்பி வருவதற்குப் பேர் பிச்சையா?

"ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள்" என்கிறார்கள். இருக்கலாம். அதற்குப் பரிகாரம் கொடுப்பதை நிறுத்துவதல்ல. எந்தக் கட்சி வந்தாலும் போனாலும் அசையாத சட்ட பாத்தியதையாக அதைச் செய்துவிடுவதேயாகும். பாத்தியதையானால் யாரும் நன்றி கேட்க முடியாது. யார் படமும் அதில் ஒட்ட வேண்டியதில்லை.

இங்கே நம் கிழவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. பணம் வந்தவுடன் "மகராசன் குடுத்தான்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வராவிட்டால் "நம்ம தலையெழுத்து" என்று நெற்றியைத் தடவிக்கொள்கிறார்கள். இரண்டும் தப்பு. எந்த மகராசனும் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து கொடுக்கவில்லை. பொதுஜனங்களுடைய பணத்தைப் பொதுஜனங்களில் ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். தலையெழுத்து என்பதோ அதைவிட வேடிக்கை. 2023 ஜூலையில் 1,000 ரூபாயாக இருந்த தலையெழுத்து ஆகஸ்டில் 1,200 ரூபாயாக மாறிற்றே, அதை மாற்றி எழுதியது பிரம்மாவின் எழுத்தாணியா, கோட்டையில் இருந்த ஒரு குமாஸ்தாவின் பேனாவா? ஒரு உத்தரவினால் மாறக்கூடியது விதியாகாது. உத்தரவை மாற்ற வைப்பதும் நம்மால் ஆகக்கூடியதே.

விலாசம் தவறிய பாக்கி

இவ்வளவும் சொன்னதால் இந்தத் திட்டங்களில் குற்றமில்லை என்று நாம் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. குற்றம் ஏராளமாக உண்டு.

முதல் குற்றம், பணம் உழைப்பைத் தேடி வராமல் பட்டாவைத் தேடி வருவதாகும். நாம் சொன்ன கிழவருடைய கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லையில் இன்னொரு கிழவர் இருக்கிறார். அவர் சேரியைச் சேர்ந்தவர். அந்த ஏரியின் கீழ் அவர் நடாத வயல் இல்லை. அறுக்காத கதிர் இல்லை. ஆனால் அவர் பேரில் ஒரு சென்ட் நிலமில்லை. ஆகவே பி.எம். கிசான் கணக்குப்படி அவர் விவசாயி அல்ல! நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவனும் விவசாயி அல்ல. ஆனால் பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு சென்னையில் கடை வைத்திருப்பவன், விலக்கப்பட்ட இனங்களில் சேராதவனாக இருந்தால், விவசாயி! உழுகிறவன் விவசாயி அல்ல, உழாதவன் விவசாயி என்கிற இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

அவர் பேரில் ஏன் நிலமில்லை? சோம்பலாலா? செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்கீர் என்னும் வெள்ளைக்காரர், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் இல்லாததே அவர்கள் அடிமைத்தனத்துக்குக் காரணம் என்று எழுதினார். அதன்மேல் 1892-இல் சர்க்கார் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். அதில் எவ்வளவோ நிலம் பிறகு மற்றவர்கள் கைக்குப் போய்விட்டது. நிலத்தைப் பறித்தவர்கள் பேரனுக்கு 'உனக்குப் பட்டா இருக்கிறது, வாங்கிக்கொள்' என்பதும், பறிகொடுத்தவர் பேரனுக்கு 'உனக்குப் பட்டா இல்லை, போ' என்பதும் ஜாதிக் கொடுமைக்கு வட்டி கட்டுவதல்லாமல் வேறென்ன?

பெண்கள் சங்கதியும் இதேதான். களை எடுப்பவள், நாற்று நடுபவள், மல்லாட்டை உடைப்பவள் எல்லாம் பெண். பட்டா மாத்திரம் ஆண் பேரில். தமிழ்நாட்டில் 1989-இலேயே பெண்ணுக்குச் சொத்தில் சம பாத்தியதை என்று சட்டம் வந்தும், கிராமத்துப் பட்டாவில் அவள் பேர் இன்னும் அபூர்வந்தான். ஆகவே கிழவர் இருக்கும்வரை பணம் அவர் கணக்கில். அவர் போன பிறகு பட்டா மாற்றத்துக்குக் கிழவி தாலூகா கச்சேரிக்கு நடக்க வேண்டும்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஒரிசாவில் 2018 டிசம்பரில் அறிவித்த 'காலியா' திட்டத்தில், நிலமில்லாத விவசாயக் குடும்பங்களையும் வாரத்துக்கு உழுகிறவர்களையும் சேர்த்தார்கள். பிரேசில் தேசத்தில் 1988-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தைக்கொண்டு, கிராமத்தில் உழைத்த ஆணுக்கு 60 வயதிலும் பெண்ணுக்கு 55 வயதிலும், நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் பென்ஷன் வைத்தார்கள். அங்கே கேட்டது 'நீ எவ்வளவு நிலம் வைத்திருக்கிறாய்' என்பதல்ல. 'நீ நிலத்தில் எவ்வளவு காலம் வேலை செய்தாய்' என்பதேயாகும். குத்தகைக்காரனும் வாரக்காரனும் அதில் சேர்ந்தார்கள். அதுவல்லவோ நியாயமான கேள்வி!

இரண்டாவது குற்றம், தரகர்கள். 2020 ஆகஸ்டில் வெளியான மோசடியை விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஜில்லாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கார் அதிகாரிகளுக்கென்று வைத்திருந்த ரகசியக் குறியீட்டை வெளியாட்கள் உபயோகித்து, விவசாயிகளல்லாதவர்களை லட்சக்கணக்கில் பி.எம். கிசானில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கு மேல். போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று சர்க்காரே சொல்லிற்று. கொரோனா உதவிப் பணம் என்று நம்பி ஆதார் நகலைக் கொடுத்த ஏழைகளும் அதில் உண்டு. தரகனுக்குப் பங்கு முதலில் போயிற்று. பணத்தைத் திருப்பி வாங்க வந்தபோது மாட்டிக்கொண்டது அந்த ஏழையின் பாங்கிக் கணக்கு. இதைக் காட்டி 'ஆகவே ரொக்கம் கொடுப்பதே தப்பு' என்பவர்களும் உண்டு. உண்டியலில் திருட்டுப் போனால் திருடனைப் பிடிப்பதா, பசித்தவன் சோற்றைப் பிடுங்குவதா?

மூன்றாவது குற்றம், ரேகை. முன்பெல்லாம் முதியோர் பணத்தைத் தபால்காரர் மணியார்டராகத் திண்ணைக்கே கொண்டுவந்து கொடுப்பார். பிறகு பாங்கி என்றார்கள். பாங்கியின் ஏஜெண்டு என்றார்கள். விரலை வை என்றார்கள். ஐம்பது வருஷம் மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? உழைத்துத் தேய்ந்த விரலைப் பார்த்து எந்திரம் 'நீ ஆளில்லை' என்கிறது. எந்த உழைப்புக்காகப் பணமோ, அந்த உழைப்பே பணத்துக்குத் தடையாக நிற்கிறது. பி.எம். கிசானுக்கு 2023 ஜூனில் முகத்தைப் பார்த்தே சரிபார்க்கிற முறை வந்தது. தபால் இலாகாவின் பாங்கி 2018 செப்டம்பரில் ஆரம்பமான பிறகு, தபால்காரர் வீட்டிலேயே பணம் எடுத்துக் கொடுக்கவும் வழி உண்டாயிற்று. வழி இருக்கிறது, கிழவருக்குச் சொல்வாரில்லை.

நான்காவது குற்றம், தொகை. வருஷம் 6,000 என்றால் நாளைக்குப் பதினாறு ரூபாய். மாதம் 1,200 என்றால் நாளைக்கு நாற்பது ரூபாய். மத்திய சர்க்கார் முதியோர் உதவிக்குத் தன் பங்காக, 80 வயதுக்கு உட்பட்டவருக்கு 2007-இல் இருந்த 200 ரூபாய் 2024 வரையிலும் 200 ரூபாயாகவே நின்றது. பதினேழு வருஷத்தில் ஏறாத விலை அந்தக் கிழவன் விலை ஒன்றுதான்! பி.எம். கிசானை 12,000 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்றும், குத்தகைக்காரருக்கும் கூலியாட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றும் 2024 டிசம்பரில் பார்லிமெண்டு நிலைக் கமிட்டி ஒன்றே சிபாரிசு செய்தது. அதே மாதம் முதல் தேதியில் 'ஃபெஞ்சல்' புயலின் மழை, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டிற்று. விழுப்புரம் ஜில்லா வெள்ளத்தில் மூழ்கிற்று. மாநில சர்க்கார் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாயும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாசமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் அறிவித்தது. ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் குறைவு. ஒரு புயலில் போனதே இதற்குள் அடங்காதபோது, மாதத்தொகை எந்த மூலைக்கு?

ஐந்தாவது குற்றம், 'ஆதரவற்றவர்' என்ற பட்டம். முதியோர் உதவி ஆதியிலிருந்தே ஆதரவற்றவர்களுக்கென்று வைக்கப்பட்டது. அதனால் கிழவர் சர்க்கார் முன் போய், 'எனக்கு யாருமில்லை, என் பிள்ளை சோறு போடுவதில்லை' என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளையை ஊர் முன்னால் அவமானப்படுத்தினால் பணம். மானத்தோடு இருந்தால் பணமில்லை. 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளை மேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். எத்தனை தகப்பன் கொடுப்பான்? இங்கிலாந்தில் 1909 ஜனவரி முதல் தேதி, 70 வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் தபாலாபீசில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஏழைச் சட்டப்படி உதவி வாங்குகிறவன் ஓட்டுரிமையை இழந்தான். அங்கே ஆதரவற்ற கிழவன் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் 'வொர்க்ஹவுஸ்' என்கிற ஏழை விடுதி. புதிய பென்ஷனுக்கு அந்த இழிவு இல்லை என்று வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் அவர்களுக்குத் தோன்றியது இன்று நமக்குத் தோன்றக் கூடாதா?

செய்யவேண்டியது

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். வயதை மாத்திரம் பார்க்க வேண்டும். ஆதரவு இருக்கிறதா என்று வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. பட்டாவைப் பார்க்காமல் உழைப்பைப் பார்க்க வேண்டும். குத்தகைக்காரன், கூலியாள், பெண் எல்லோரும் அதில் சேர வேண்டும். தொகை விலைவாசியோடு தானாக ஏற வேண்டும். பணம் திண்ணைக்கு வர வேண்டும். கிழவன் பணத்தைத் தேடி நடக்கக் கூடாது.

சர்க்கார் இதைச் செய்கிறவரையில், படித்த வாலிபர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், யாருக்குப் பணம் வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இறந்தவர் பேரிலேயே நிற்கிற பட்டாவை மாற்ற மனு எழுதிக் கொடுங்கள். விரல் ரேகை விழாதவரைத் தபால்காரரிடமோ முகம் பார்க்கிற முறைக்கோ அழைத்துப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். கிழவரோடு நீங்களும் போய் நில்லுங்கள். தரகனுக்கு ஒரு காசு கொடுக்கவிடாதீர்கள். மாலையில் அரை மணி நேரம் செலவழித்தால் ஒரு தெருவின் காரியம் முடியும்.

கிழவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. யாரையும் கும்பிட்டு வாங்காதீர்கள். மளிகைக் கடையில் காசு கொடுத்து மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கும்போது கடைக்காரனை யாரும் கும்பிடுவதில்லை. இதுவும் அப்படிப்பட்ட மீதிச் சில்லறைதான். ஐம்பது வருஷத்து உழைப்பை முன்னதாகவே கொடுத்துவிட்டீர்கள். இனி வரவேண்டியது பாக்கி. பாக்கியை நிமிர்ந்து நின்று கேளுங்கள். குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேளுங்கள்.